கயிற்றருகே ஓர் இடம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேச ஒருவர் வேண்டும் என்று செயற்குழுவில் ஆராய்ந்தபோது என் பெயரை முன்மொழிந்த அன்பர் யார் என்பதை நான் அறியேன். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் விளையாட்டைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று சிலர் ஐயுற்றிருக்கலாம். அந்த ஐயம் இயல்பானதே. நான் பந்தை உதைத்தவன் அல்லன். மூன்றாம் வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் கால்கள் இரண்டையும் செயலிழக்கச் செய்துவிட்டது. ஆயினும் கால்பந்தாட்டத்தை ஆடுவதற்குத்தான் கால்கள் வேண்டும். அதைக் கண்டு களிப்பதற்குக் கண்கள் போதும். ஆட்ட அரங்குகளைக் கட்டியவர்களில் பலர் இந்த எளிய உண்மையைக் கருத்திற்கொள்ளவில்லை. ஆகவே, இந்நகரின் கீழ்ப்பிரிவுக் கால்பந்தாட்டம் ஒன்றைச் சக்கர நாற்காலியில் சென்று காண்பது எப்படி, அதில் உள்ள இன்பம் யாது, இடர் யாது என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம்முடைய கொல்கத்தாவுக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்தியக் கால்பந்துச் சங்கம் 1893-ஆம் ஆண்டில் இங்கே தோன்றியது. அதன் மேற்பார்வையில் 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக் இன்றளவும் நடைபெற்று வருகிறது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படையணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றியது நாடறிந்த வரலாறு. நம்மவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் நாட்டுக்காகக் கோல் காத்தவர். இந்நகரின் முப்பெரும் அணிகளுக்கும் ஆடிய அவரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொந்தப் பிள்ளையைப் போலப் பேசி மகிழ்ந்ததைச் சிறு வயதில் நான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கல்கத்தா லீக் என்பது முப்பெரும் அணிகளோடு முடிந்துவிடுவதன்று. மேற்பிரிவுக்குக் கீழே முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு என்று படிப்படியாக இறங்கி ஐந்தாம் பிரிவு வரை அது செல்கிறது. செய்தித்தாளில் ஒரு வரிகூட இடம்பெறாத ஆட்டங்கள் அவை. மழைக்காலம் முழுவதும், வேலை நாள்களின் பிற்பகலில், மைதானத்தின் ஏதோ ஒரு பகுதியில் அவற்றுள் ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஆடுவோரில் பலர் மாவட்டங்களிலிருந்து புறநகர் ரயிலேறி வரும் இளைஞர்கள். காண்போர் நூறு பேர் இருக்கலாம். ஆட்டக்காரரின் அண்ணனும் மாமனும் போக, எஞ்சியவர்கள் அந்த வழியே சென்றவர்கள்.

இந்தக் கீழ்ப்பிரிவு ஆட்டத்துக்கும் சக்கர நாற்காலிக்கும் என்ன பொருத்தம் என்று கேட்பீர்கள். அதை உணர்வதற்கு மைதானத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர வேண்டும். வங்காளிகள் அதனைக் கோட்டைத் திடல் என்ற பொருளில் 'கடேர் மாட்' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டியபோது, பீரங்கிகளுக்கு எதிரே தடையொன்றும் இருத்தலாகாது என்று காட்டை அழித்து வெளியாக்கிய நிலம் அது. இன்றும் அது ராணுவத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. ஆதலால் அங்கே நினைத்தவாறு நிலையான கட்டடம் எழுப்ப இயலாது. நூறாண்டு கடந்த மன்றங்களின் இல்லங்களும் இன்றுவரை 'டென்ட்' என்றே வழங்கப்படுகின்றன. பெரிய மன்றங்களின் திடல்களில் காலரிகள் உண்டு. சிறிய திடல்களிலோ பலவற்றில் ஒரு கயிறுதான் எல்லை. கயிற்றுக்கு அப்பால் ஆட்டம், இப்பால் மக்கள்.

படிக்கட்டு இல்லாத இடத்தில் சக்கர நாற்காலிக்காரனும் மற்றவரும் ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள். யாரோ இரக்கப்பட்டு இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. பீரங்கிக்காக ஒழிக்கப்பட்ட தடைகள், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் என் நாற்காலிக்கு வழிவிட்டன. அவ்வளவுதான்.

பெரிய அரங்குகளில் என்ன நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பவில்லை. நாட்டின் ஒரு பெரிய அரங்கிற்கு முன்னரே சொல்லிவைத்துச் சென்றிருந்தேன். சிறப்பிடம் ஒன்று தந்தார்கள். விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு முன்னால் அமைந்த சிறப்பிடம் அது! உடன் வந்த என் மருமகனுக்கு அங்கே இடமில்லை என்று கூறி, எதிர்ப்புறக் காலரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தின் ஒரே கோல் விழுந்தபோது எனக்கு முன்னிருந்த காவலர்களும் பணியாளர்களும் ஒருசேர எழுந்து நின்றார்கள். நான் கண்டது அவர்களுடைய முதுகுகளைத்தான். அமர்ந்திருப்பவனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் இருக்கிறது. முன்னே ஒருவர் நின்றால் உலகமே மறைந்துபோகும். தொலைக்காட்சியில் மறுநாள் அந்தக் கோலைப் பார்த்தபோது, பார்ப்பதற்காகவா சென்றோம் என்ற கேள்வி என்னுள் எழுந்தது. பார்ப்பதற்கு வீடே போதுமே! ஆட்டத்திற்கு ஏன் செல்கிறோம்?

கூட்டத்தில் ஒருவராக இருப்பதற்கே செல்கிறோம் என்பது என் முடிவு. தனியே ஒரு மூலையில் ஒதுக்கி, உடன் வந்தவரையும் பிரித்து, பத்திரமாக வைத்துவிட்டால் அது ஆட்டத்திற்குச் சென்றதாகாது. பெருங்கூட்டத்தில் பத்திரம் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் நடந்த ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்ததை இந்நகரம் மறக்கவில்லை. ஆயினும் பத்திரத்தின் பெயரால் ஒருவரைக் கூட்டத்திலிருந்து நீக்குவது வேறு. கூட்டத்தினுள்ளேயே அவருக்குப் பத்திரமான இடம் அமைப்பது வேறு.

சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைத் தோளில் தூக்கி மைதானத்துக்கு அழைத்துச் செல்வார். தோள் தாங்காத அளவு நான் வளர்ந்த பின், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்காள வானொலி வர்ணனையே எனக்கு மைதானமாயிற்று. பின்னர் ஒரு மழைக்காலத்தில், என் மருமகனின் தூண்டுதலால், மடக்கும் நாற்காலியோடு ஓர் இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்குச் சென்றேன். அன்று முதல் ஆண்டுதோறும் சென்று வருகிறேன்.

செல்வது எளிதென்று சொல்லமாட்டேன். லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து டாக்ஸியில் புறப்படுகிறோம். பழைய அம்பாசிடர் வண்டியின் பின்பெட்டியில் நாற்காலி தாராளமாக அடங்கும். ஆனால் அவ்வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. புதிய சிறு வண்டிகளில் வாயு உருளை பெட்டியை அடைத்துக்கொண்டிருக்கும். நாற்காலியைக் கண்டதும் வேகத்தைக் கூட்டிச் சென்றுவிடும் ஓட்டுநரும் உண்டு. தாமே இறங்கி வந்து மடக்கி வைத்து, மிகைக் கட்டணம் வாங்க மறுத்தவரும் உண்டு. சாலையைக் கடந்து நடைபாதையின் விளிம்பை ஏறினால் புல்வெளி. அங்கேதான் உண்மையான சோதனை.

சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் மிகச் சிறியவை. ஈரமான புல்லில் அவை உடனே புதைந்துவிடும். நாற்காலியைத் திருப்பி, பின்புறமாகச் சாய்த்து, பெரிய சக்கரங்களின் மேல் இழுத்துச் செல்வதே வழி. ஆகவே அந்த முப்பது கஜத்தையும் வந்த திசையைப் பார்த்தபடியே நான் கடக்கிறேன். போகும் இடத்தை மருமகன் பார்த்துக்கொள்வான். நின்ற இடத்தில் சக்கரத்தின் கீழ் ஓர் அகலப் பலகை வைத்துவிட்டால் பிறகு புதையாது. இரண்டு நாள் மழை ஓய்ந்த பின் செல்வது நலம். நடுக்கோட்டின் அருகே மாற்று ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் நின்று மறைப்பார்கள். கோலுக்கு நேர் பின்னேயோ பந்து விசையோடு வரும். மற்றவர் விலகலாம், நாம் விலக இயலாது. தடுப்பாட்டக்காரர்கள் நிற்கும் வரிசைக்கு நேராக, கயிற்றிலிருந்து நான்கு முழம் தள்ளி, பக்கத்தில் ஒருவர் நிற்க அமர்வதே சிறந்தது என்பது என் அனுபவம்.

அங்கே அமர்ந்தால் பெரிய அரங்கில் கிட்டாத பலவும் கிட்டும். பந்து உதைபடும் ஓசை நெஞ்சில் வந்து தட்டும். கோல் காப்பாளர் தம் அணியினரை அதட்டுவதும், நடுவர் மெல்லிய குரலில் ஓர் இளைஞனை எச்சரிப்பதும் காதில் விழும். சேற்றில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும்போது தெறிக்கும் நீர் நம் முகத்திலும் படும். கடுகெண்ணெய் பிசைந்த பொரியும் மண் குவளையில் தேநீரும் கை நீட்டும் தூரத்தில் வரும். நான் ஆட்டத்தை மேலிருந்து காணவில்லை. ஆடுகின்றவர்களின் முழங்கால் உயரத்திலிருந்து காண்கிறேன். எந்தக் காலால் உதைக்கப் போகிறார் என்பது அந்த உயரத்தில் நன்றாகவே தெரிகிறது.

கூட்டத்தினர் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று முறை எல்லோரும் என் கால்களைப் பற்றியே கேட்டார்கள். எப்படி நேர்ந்தது, எந்த வயதில், வைத்தியம் பார்த்தீர்களா, இன்ன ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறாரே என்பன போன்ற கேள்விகள். கேட்டவர்கள் அன்பினால் கேட்டவர்களே. எனினும் ஆட்டத்தை விட்டுவிட்டு என் நோயின் வரலாற்றை ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள், இடது ஓரத்திலிருந்து வந்த பந்தை ஓர் இளைஞர் கோலாக்க, கோட்டு நடுவர் கொடியை உயர்த்தினார். கூச்சல் எழுந்தது. எனக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர் குனிந்து, "தாதா, நீங்கள் நேர்கோட்டில் இருக்கிறீர்களே, அது ஆஃப்சைடுதானா?" என்று கேட்டார். ஒரு கணம் எண்ணிப் பார்த்து, "இல்லை, பின்னால் இன்னொருவர் நின்றார், கொடி தவறு" என்றேன். உடனே அவர் நிமிர்ந்து, "தாதாவே பார்த்தார், ஆஃப்சைடு இல்லை!" என்று நடுவரை நோக்கி முழங்கினார். எதிரணியின் ஆதரவாளர் ஒருவர், எனக்குக் கண் சரியில்லை என்று பதிலுக்கு முழங்கினார். அவையோரே, என் காலைப் பற்றிப் பேசாமல் என் கண்ணைப் பழித்த அந்த மனிதரை நான் வாழ்நாள் முழுதும் வாழ்த்துவேன். அன்று முதல் அங்கே நான் நோயாளி அல்லேன், ஒரு பார்வையாளன்.

இடரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழை பெய்தால் மற்றவர்கள் மரத்தடிக்கு ஓடுவார்கள். நாங்கள் அசைய முடியாது. ஒரு கித்தான் விரிப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. பொது மேடையில் அதைப் பேசத் தயங்குவார்கள்; பேசாததினாலேயே அது தீராமல் இருக்கிறது. நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை அங்கே எனக்குக் கிட்டியதில்லை. ஆட்டம் உள்ள நாளில் காலை முதல் நான் தண்ணீர் அருந்துவதில்லை. இது உடலுக்குக் கேடு என்று மருத்துவர் கண்டித்திருக்கிறார். ஆணாகிய எனக்கே இப்படியென்றால், சக்கர நாற்காலியில் வாழும் ஒரு சகோதரி எப்படி வருவார்? அத்தனை ஆண்டுகளில் அவ்வாறு வந்த ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. விருப்பமில்லாததால் அவர்கள் வரவில்லை என்று நாம் எண்ணிவிடக்கூடாது.

கால்பந்தின் தாயகமாகிய இங்கிலாந்தில் இதை எவ்வாறு அணுகினார்கள்? மாற்றுத்திறனாளிகளுக்கு வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1995-இல் பிறந்தது. ரசிகர்களே கூடி 1998-இல் ஒரு தேசிய அமைப்பை நிறுவினார்கள். இன்று 'லெவல் பிளேயிங் ஃபீல்டு' என்ற பெயரில் அது இயங்குகிறது. முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலாக ஆட்டம் தெரியும்படி நாற்காலியிடம் உயர்த்தப்பட வேண்டும், உடன் வருபவர் பக்கத்திலேயே அமர வேண்டும் என்பன அங்கே முன்வைக்கப்படும் கோரிக்கைகள். உடன் வருபவருக்குப் பல மன்றங்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆயினும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. பெருஞ்செல்வமுள்ள முதல் வரிசை மன்றங்கள் 2017 ஆகஸ்டுக்குள் குறைகளைத் தீர்ப்பதாக 2015-இல் வாக்களித்தும், அத்தனை மன்றங்களும் அக்கெடுவைக் காக்கவில்லை. பணம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2016-ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பங்குண்டு என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. பழைய பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்றும் விதித்தது. விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளியாயின. அந்த ஐந்தாண்டு 2022-இல் கடந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பரிந்துரைகள் போதா, மீற முடியாத குறைந்தபட்ச அளவுகளை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கதவுக்கு முன்னால் உள்ள மூன்று படிகளைத்தான் யாரும் நீக்கவில்லை.

மைதானத்தில் வேண்டுவனவோ மிகச் சில. நடைபாதை விளிம்பில் ஒரு சரிவு. ஈரப் புல்லின்மேல் விரிக்கச் சில பலகைகள். கயிற்றருகே மற்றவர் முன்னால் நிற்காதபடி நான்கு நாற்காலிகளுக்கு இடம். நடமாடும் கழிப்பறை ஒன்று, அகலக் கதவோடு. இவற்றில் ஒன்றேனும் நிலையான கட்டடம் அன்று. ராணுவத்தின் விதிக்கும் இவை முரணாகா என்றே நம்புகிறேன்.

இளம்பிள்ளை வாதம் ஒழிந்துவிட்டதே, இனி இத்தகைய ஏற்பாடு யாருக்கு என்று ஓர் அன்பர் என்னைக் கேட்டார். ஒழிந்தது உண்மை, அது நம் நாட்டின் பெருமை. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள இதே ஹவுரா மாவட்டத்தில்தான் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நோயற்ற நாடு என்ற சான்றும் கிடைத்தது. என் போன்றோரின் தலைமுறை எங்களோடு முடியட்டும். அதைவிட மகிழ்ச்சி எனக்கில்லை. ஆனால் சக்கர நாற்காலி முடிந்துவிடவில்லை. சாலை விபத்து உண்டு; பக்கவாதம் உண்டு; சர்க்கரை நோயால் காலிழப்போர் உண்டு; எல்லாவற்றுக்கும் மேலாக முதுமை உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். நம் குடியிருப்பையே பாருங்கள். மூன்றாம் மாடியில், மின்தூக்கி இல்லாத வீட்டில், பலகணி வழியே மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இளமையில் மைதானமே கதி என்று கிடந்தவர்கள் எத்தனை பேர்?

ஆகவே சங்கத்திற்கு இரண்டு விண்ணப்பங்கள் வைத்து என் உரையை முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது: நாம் கூடியிருக்கும் இம்மண்டபத்தின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. இன்று நான்கு இளைஞர்கள் என்னைத் தூக்கி உள்ளே கொணர்ந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஆனால் தூக்கப்படுவதற்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நீங்கள் இங்கே காணவில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறி. ஆறங்குலப் படி மூன்றுக்கும் சேர்த்துப் பதினெட்டடிச் சரிவு போதும். வாயிலின் இடப்புறச் சுவரோரம் அதற்கு இடமிருக்கிறது. அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தார் இசைந்தால் அடுத்த பொங்கல் விழாவுக்குள் அதை முடிக்கலாம். செலவில் ஒரு பங்கை நான் ஏற்கச் சித்தமாயிருக்கிறேன்.

இரண்டாவது: வரும் மழைக்காலத்தில், ஒரே ஒரு பிற்பகல், நம் குடியிருப்பில் வெளியே செல்லாதிருக்கும் பெரியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் இளைஞர்கள் ஒரு கீழ்ப்பிரிவு ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருவருக்கு இருவர் துணை போதும். நாற்காலியைத் தொடும் முன் அதில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையும் குடையும் கித்தானும் நான் கொண்டு வருகிறேன். எந்த அணி வெல்லும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஐந்தாம் பிரிவில் அதை யாராலும் சொல்ல முடியாது.